கெங்கம்மாள் பேரில் ஒரு பத்திரம்

பிரம்மதேசம்,
பிரமாதி வருஷம் ஆனி மாதம் 21ந் தேதி.

சிரஞ்சீவி பாண்டுரங்கனுக்கு அப்பா பச்சைமுத்து ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் இந்தத் தேதிவரை உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், ரங்கூனில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்கு மனம் அடங்கும். உன் கடுதாசி இரண்டும் வந்து சேர்ந்தன. மூன்று மாதமாக ஏன் பதில் இல்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா, எதையாவது மறைக்கிறீர்களா என்று கேட்டிருந்தாய். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. வல்லத்தில் உன் தங்கை பாஞ்சாலிக்கு வைகாசியில் பெண் குழந்தை பிறந்து இருவரும் நன்றாக இருக்கிறார்கள், குழந்தை உன் நிறம் என்கிறாள் அம்மா. மேட்டுக்கொல்லையில் மல்லாட்டைக் கடலை விதைத்தாயிற்று, ஒரு மழை பெய்து நின்றுவிட்டது, இன்னொன்று வந்தால் முளைப்பு தேறும். மறைத்தது உண்மைதான், அது வேறு விஷயம். போன வருஷம் ஆடியில் அங்கே நடந்த கலவரத்தில் பத்து நாள் மில்லுக்குள்ளேயே அடைந்து கிடந்ததாக நீ எழுதியதிலிருந்து இங்கிருந்து உனக்கு எந்தக் கவலையும் அனுப்பக் கூடாது என்று நானும் அம்மாவும் பேசி வைத்திருந்தோம். இப்போது எழுதாமல் இருக்க முடியாத இடத்துக்கு வந்துவிட்டது. நம் வீட்டைப் பற்றிய விஷயம், வீட்டில் உனக்கும் பாத்தியம் உண்டு, ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன், வேலை முடிந்து வந்து உட்கார்ந்து படி.

வீடு கட்டினது உனக்கு ஞாபகம் இருக்கும், கடன் பாதிதான் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் பழைய மண் வீட்டின் மேற்குச் சுவர் விழுந்து நாம் நாலு பேரும் மாட்டுக் கொட்டகையில் இருபது நாள் படுத்திருந்தோமே, அப்போதுதான் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கும் கிருஷ்ணசாமியிடம் போனேன். இந்த வீட்டையே ஈடு வைத்து ஐந்நூறு ரூபாய் வாங்கினேன், அதில்தான் செங்கல் சுவரும் ஓடும் போட்டது. சப் ரிஜிஸ்திரார் ஆபீஸில் பத்திரத்தைப் படித்தபோது கடன் கொடுத்தவர் பேர் கெங்கம்மாள் என்று வந்தது. யார் என்று கேட்டேன். "என் தங்கச்சிதான்பா. வருமான வரிக்காரன் பேஜாரு தாங்கல, அதனால அது பேர்ல எழுதிக்கினு வர்றேன். பணம் குடுக்கிறது நானு, வாங்கிக்கிறது நானு, உனக்கு இன்னா" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் கூரை ஏறவேண்டும் என்ற அவசரத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். அதன் பிறகு வருஷா வருஷம் மல்லாட்டை மூட்டையை அவர் மண்டியில்தான் போட்டோம், விலையில் வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதி கொடுப்பார், பிடித்த தொகைக்குத் துண்டுச் சீட்டு எழுதித் தருவார். உன் அம்மா அந்தச் சீட்டுகளை ஒன்று விடாமல் கயிற்றில் கோத்து உத்தரத்தில் கட்டி வைத்திருந்தாள், எதற்கு இந்தக் குப்பை என்று நான் எத்தனையோ தடவை கோபித்திருக்கிறேன். அந்தச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் இதுவரை கட்டியது அறுநூற்று நாற்பது. அவர் கணக்கிலோ வட்டிக்கு வட்டி ஏறி இன்னும் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பாக்கி நின்றது.

போன வருஷம் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது உனக்கு அங்கே பத்திரிகையில் தெரிந்திருக்கும். ஊரே சந்தோஷப்பட்டது. பழைய கடனுக்கு ஏறி நின்ற வட்டி போய்விடும், கட்டினது எல்லாம் சேர்ந்து அசலில் இரண்டு பங்கு ஆகியிருந்தால் கடனே தீர்ந்தது, ஆகாவிட்டால் அந்த இரண்டு பங்குக்குக் குறைகிறதைக் கட்டினால் போதும் என்று நம் வக்கீல் கணக்குப் போட்டுச் சொன்னார். நமக்கு முந்நூற்று அறுபது கட்டினால் வீடு மீண்டுவிடும். அன்று சாயங்காலமே கிருஷ்ணசாமியிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, சிரித்துக்கொண்டே காப்பி வாங்கிக் கொடுத்தார், ஆடி போகட்டும் பேசிக்கொள்ளலாம் என்றார். ஆவணியில் முன்சீப் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. முழுத் தொகைக்கும் வீட்டை ஏலம் போட்டு வசூலித்துத் தரவேண்டும் என்று தாவா. தாவா போட்டது கிருஷ்ணசாமி இல்லை, கெங்கம்மாள்.

வக்கீலிடம் ஓடினேன். அவர் சட்டப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அந்தச் சட்டத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது என்றார். வேறு சொத்து ஒன்றும் இல்லாத பெண்பிள்ளைக்குச் சேரவேண்டிய சிறு கடனாக இருந்தால் வட்டித் தள்ளுபடி கிடையாது. புருஷனை இழந்தவள் கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை வட்டிக்கு விட்டுப் பிழைப்பாள், அவள் வயிற்றில் அடிக்கக் கூடாது என்று நல்லதை நினைத்துத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். கெங்கம்மாளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, காணி நிலம் இல்லை, அண்ணன் வீட்டில் சமைத்துப் போட்டுக்கொண்டு இருக்கிறாள். கிருஷ்ணசாமி வருமான வரிக்காக எழுதி வைத்தது இப்போது அவருக்கு வேறு விதத்தில் கைகொடுத்தது. கெங்கம்மாளை உனக்குத் தெரியும். நீ சின்னப் பிள்ளையாக மூட்டை வண்டியில் வரும்போதெல்லாம் மண்டிக்குப் பின்கட்டிலிருந்து உனக்கு மோர் கொண்டுவந்து கொடுப்பாளே அந்த அம்மாள்தான், அம்மா அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

சம்மனைக் கேட்டதும் உன் அம்மா என்னிடம்கூடச் சொல்லாமல் திண்டிவனம் போய்விட்டாள். அவள் திரும்பி வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பின்கட்டில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்த கெங்கம்மாளிடம், "அக்கா, நீயா எங்க மேல கேசு போட்டே" என்று கேட்டிருக்கிறாள். கெங்கம்மாள் முறத்தை வைத்துவிட்டு, "இன்னா கேசு" என்று கேட்டாளாம். அம்மா எல்லாவற்றையும் சொன்ன பிறகு, "அண்ணன் ஜல்தியா வான்னு கூப்ட்டு ரெண்டு காகிதத்துல கைநாட்டு வெக்கச் சொன்னாரு. எதுக்குன்னு ஒரு வார்த்த கேட்டதுக்கு, உனக்கெதுக்கு அதெல்லாம்னாரு. வெச்சேன். ஒண்ணுல எழுத்து இருந்துது, ஒண்ணு வெறுங்காகிதம்" என்றாளாம். அம்மா அதைச் சொல்லிவிட்டு, நம் மேல் தாவா போட்டவளுக்கு நாம் போய்ச் சொல்லித்தான் தெரிகிறது பாருங்கள் என்று அழுதாள்.

வக்கீல், கெங்கம்மாளைக் கோர்ட்டுக்கு வரவழைத்து வாக்குமூலம் வாங்காமல் வேறு வழியில்லை என்றார். கடன் அவளுடையது இல்லை, அண்ணனுடையது என்று அவள் வாயால் வந்தால் விலக்கு போய்விடும். துண்டுச் சீட்டெல்லாம் கிருஷ்ணசாமி கையெழுத்தில் இருப்பது நமக்கு ஆதரவு, ஆனால் தங்கைக்காக நான் வாங்கிக் கொடுத்தேன் என்று அவர் சொல்லிவிடலாம். இதைச் சொல்லிவிட்டு என்னை ஒரு விரலை நீட்டி எச்சரித்தார். அந்த அம்மாளுக்கு நீ எதுவும் தருவதாக வாய் தவறிக்கூடச் சொல்லாதே, சாட்சியை விலைக்கு வாங்கினான் என்று கேசே கவிழ்ந்துவிடும் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வந்தது. "அண்ணன் சோறு தின்னுக்கினு இருக்கிறவள அண்ணனுக்கு எதிரா நிக்கச் சொல்றீங்க. அன்னிக்கு ராத்திரி அவ எங்க படுப்பா" என்றாள். எனக்கும் அது தெரியாமல் இல்லை பாண்டுரங்கா. ஆனால் இந்தச் சுவர்களைப் பார்க்கும்போது வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. மாசி மாதம் ஒரு நாள் கிருஷ்ணசாமி விழுப்புரம் போயிருந்த சமயம் பார்த்து மண்டிக்குப் பின்பக்கம் கிணற்றடியில் கெங்கம்மாளைப் பார்த்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், அது போதும் என்று கேட்டேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "சொல்லிட்டு நான் எங்க போறது தம்பி" என்றாள். வக்கீல் சொன்னது நெஞ்சில் நின்றது. எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று நாலு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று திரும்பி நடந்து வந்தபோது எனக்கு இருந்த வெட்கத்தை உன்னிடம் சொல்வதற்கே இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

பங்குனி மாதம் விசாரணைக்கு வந்தது. முதலில் கிருஷ்ணசாமி கூண்டில் ஏறி, என் தங்கை படிப்பறியாதவள், அவள் கல்யாணத்தில் போட்ட நகையை விற்ற பணம்தான் இவர்களுக்குக் கொடுத்தது, அவளுக்காக நான் பார்த்துக்கொள்கிறேன், அவளுக்கு இந்தக் கடனைத் தவிர உலகத்தில் வேறு சொத்து இல்லை என்று உருக்கமாகச் சொன்னார். கோர்ட்டில் இருந்த எல்லாரும் நம்மைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், ஒரு விதவையின் பணத்தை விழுங்கப் பார்க்கிறவர்கள் என்று. மத்தியானத்துக்கு மேல் கெங்கம்மாளைக் கூப்பிட்டார்கள். முக்காட்டைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றாள். இந்த ஐந்நூறு ரூபாய் உங்கள் பணம்தானா என்று நம் வக்கீல் கேட்டார். அவள் அண்ணனைப் பார்த்தாள். முன்சீப், பயப்படாமல் தெரிந்ததைச் சொல்லுங்கள் அம்மா என்று சொன்ன பிறகு மெல்லப் பேசினாள். "எனக்கு நகை இருந்தது நெசங்க. என் ஊட்டுக்காரர் செத்த வருஷம் அண்ணன் அத வாங்கிக்கினு போயி மண்டி வெச்சாரு. அதுக்கப்பறம் நான் அத கண்ணால பாக்கல. இவங்களுக்கு நான் பணம் குடுக்கல. இவங்க குடுத்த வட்டியில ஒரு தம்பிடி என் கைக்கு வந்ததில்ல. என் பணம்னா, ஒரு பொடவைக்கு நான் எதுக்கு அண்ணிகிட்ட நின்னுக்கினு இருக்கேன்" என்றாள். கடைசிப் பேச்சைச் சொல்லும்போது அவள் குரல் தானாக உயர்ந்துவிட்டது, அவளுக்கே அப்போதுதான் அது தோன்றியது போல இருந்தது.

கிருஷ்ணசாமி வைத்திருந்த வக்கீல் எழுந்து, இப்படிச் சொல்ல உனக்கு இவர்கள் என்ன தருவதாகச் சொன்னார்கள் என்று அதட்டினார். கெங்கம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒண்ணும் சொல்லலைங்க. கெணத்தடிக்கு வந்து நெசத்த சொல்லுன்னு கேட்டாரு. சொல்லிட்டு எங்க போறதுன்னு நான் கேட்டேன். வாயே தொறக்கல. தலைய குனிஞ்சுக்கினு நின்னாரு" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சித்திரை பாதியில் தீர்ப்பு வந்தது. நமக்குத்தான் ஜெயம். கடன் கிருஷ்ணசாமியுடையது, விலக்கு செல்லாது, முந்நூற்று அறுபதும் கொஞ்சம் வட்டியும் ஆறு மாதத்துக்குள் கோர்ட்டில் கட்டினால் வீடு விடுதலை என்று எழுதியிருந்தது. இருக்க இடம் கேட்டும் கிடைக்காத சாட்சி, லாபத்துக்காகப் பொய் சொல்லியிருக்க முடியாது என்று முன்சீப் அதில் எழுதியிருந்ததை வக்கீல் இரண்டு தடவை படித்துக் காட்டினார். வாய் திறக்காமல் இருந்தாயே, அதுதான் உன் வீட்டைக் காப்பாற்றியது என்று என் முதுகில் தட்டினார். நான் சிரித்தேன், சிரித்திருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

இனிமேல்தான் நான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. விசாரணை முடிந்து தீர்ப்பு வரும்வரை கிருஷ்ணசாமி தங்கையை ஒன்றும் செய்யவில்லை, வீட்டிலேயே வைத்திருந்தார், அண்ணிதான் பேச்சை நிறுத்திவிட்டாளாம். தீர்ப்பு வந்த பிறகு அப்பீல் போடவேண்டும். தாவா கெங்கம்மாள் பேரில் இருப்பதால் அப்பீலும் அவள்தான் போடவேண்டும், அதற்குப் புது வக்காலத்தில் அவள் கைநாட்டு வேண்டும். அதோடு, கடன் கிருஷ்ணசாமியுடையது என்று தீர்ப்பானாலும் பத்திரம் அவள் பேரில் இருப்பதால் நாம் கோர்ட்டில் கட்டப்போகும் பணமும் அவள் பேரில்தான் கட்டியாகவேண்டும், அவள் கைநாட்டு இல்லாமல் யாரும் எடுக்க முடியாது. மனிதர் நயமாகவும் கேட்டுப் பார்த்தார், பயமுறுத்தியும் கேட்டுப் பார்த்தார். எதில் வைக்கிறேன் என்று யாராவது படித்துச் சொன்னால்தான் வைப்பேன் என்று அவள் சொல்லிவிட்டாள். படித்துக் காட்டினார்கள். கேட்டுவிட்டு, அந்த வீட்டை ஏலம் போட எனக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் அவள் துணிமூட்டையைத் தெருவில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்களாம்.

எங்கே போனாள் என்று பதினைந்து நாள் தெரியவில்லை. வைகாசிப் பௌர்ணமிக்குத் திருவக்கரை போய்வந்த பக்கத்து வீட்டு அம்சாதான், வக்கிரகாளியம்மன் கோவில் மண்டபத்தில் கெங்கம்மாள் தரை கூட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக வந்து சொன்னாள். வருகிற ஜனங்கள் கொடுக்கிற சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு அங்கேயே படுத்திருக்கிறாள். நான் மறுபடியும் வக்கீலிடம்தான் போனேன். அவர், கோடை லீவு முடிந்து கோர்ட் திறந்து அப்பீல் தவணை கழியும்வரை அந்தப் பக்கமே போகாதே, இப்போது அழைத்து வந்து வைத்துக்கொண்டால் முதலிலேயே பேசி வைத்துக்கொண்டார்கள் என்று ஆகிவிடும், நீ கட்டுகிற பணத்தை அவளிடமிருந்து நீயே திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் வைத்திருக்கிறாய் என்றும் சொல்வார்கள், இன்னும் ஐந்து வாரம்தானே என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. வந்து அம்மாவிடம் ஐந்து வாரம் என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, "அஞ்சு வாரம் நாம போயி அந்த மண்டபத்துல படுக்கலாம், அவ வந்து இங்க இருக்கட்டும். அதுக்கு வக்கீலு ஒத்துக்குவாரா கேளுங்க" என்றாள். விடிந்ததும் அம்சாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மயிலம்வரை பஸ்ஸிலும் அங்கிருந்து மாட்டு வண்டியிலும் போய், மூன்றாம் நாள் கெங்கம்மாளோடு வந்து இறங்கினாள். நான் போகாதே என்று சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், பிற்பாடு அம்மா சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்வது நல்லது.

கெங்கம்மாள் பாதியாக இளைத்திருந்தாள். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரவில்லை. நான் அவளிடம் கிணற்றடியில் நின்றதற்கு மன்னித்துக்கொள்ளும்படி கேட்டேன். "உன் பொஞ்சாதி வெள்ளையம்மா வழியில சொல்லிச்சு, வக்கீலு சொல்லித்தான் நின்னியாம். ஆனா தம்பி, கோர்ட்டுல அத உன்ன கொற சொல்லணும்னுதான் சொன்னேன். உனக்கு நல்லதா முடிஞ்சுது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்கு அதுதான் அதிகமாகச் சுட்டது. மறுநாள் நானே திண்டிவனம் போய் வக்கீலிடம், அவள் என் வீட்டில் இருக்கிறாள், யார் கேட்டாலும் மறைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் மேஜையில் இருந்த கட்டைத் தள்ளிவிட்டு, ஜெயித்த கேசை நீயே கெடுத்துக்கொண்டாய் என்றார். இருக்கலாம். போன வாரம் கிருஷ்ணசாமியிடமிருந்து நோட்டீஸ் வந்தது, தங்கையை நாம் மயக்கிக் கடத்தி அடைத்து வைத்திருப்பதாக. கடலூர் ஜில்லா கோர்ட் திறந்த அன்றே அப்பீல் மனு கொடுத்துவிட்டார்கள் என்றும் கேள்வி. கெங்கம்மாள் எதிலும் புதிதாகக் கைநாட்டு வைக்கவில்லை, ஆகையால் ஆவணியில் வெறுங்காகிதத்தில் வாங்கினார்களே அதில்தான் எழுதியிருப்பார்கள் என்று வக்கீல் நினைக்கிறார். கோபித்துக்கொண்டாலும் அவர் நல்ல மனிதர், நாளைக்குக் கடலூர் போய்ப் பார்த்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் காகிதம் செல்லாது என்று கெங்கம்மாள் மறுபடியும் கோர்ட்டில் ஏறிச் சொல்லவேண்டியிருக்கும். அப்போது, எங்கே சாப்பிடுகிறாய் என்று கேட்பார்கள், இந்த வீட்டில் என்று அவள் சொல்வாள். அதை எப்படி எடுத்துக்கொள்வார்களோ தெரியாது. வீடு தப்பினாலும் தப்பும், போனாலும் போகும், நிச்சயமாக ஒன்றும் எழுத என்னால் முடியவில்லை.

பணத்துக்கு எருமையை விற்றுவிட்டேன், வைகாசியில் சவுக்கும் வெட்டி விற்றாயிற்று, இருநூற்று எழுபது சேர்ந்திருக்கிறது. உன்னால் முடிந்தால் மணியார்டரில் நூறு அனுப்பு, அதற்காக அங்கே யாரிடமும் கடன் வாங்காதே, முடியாவிட்டால் புரட்டாசிக்குள் நான் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பணம் கெங்கம்மாள் பேரில் கோர்ட்டில் ஏறும். ஏறிய பிறகு அதில் ஒரு ரூபாயும் நம் வீட்டுக்குத் திரும்பி வராது, அவள் நகைக்கு அது கொஞ்சம் ஈடாகட்டும் என்கிறாள் அம்மா, நானும் அதற்கு ஒப்புக்கொண்டேன். அங்கே மில்லில் மேஸ்திரிமார் கடன் நோட்டு எழுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுப்பதாக முன்பு எழுதியிருந்தாயே, அந்தப் பக்கம் போகாதே. எதில் கையெழுத்துப் போட்டாலும் யார் பேருக்கு, எதற்கு என்று கேட்டு, பதில் சரியாக வரும்வரை கேட்டுக்கொண்டே இரு. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று கூச்சப்படாதே. நான் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்தினேன். கொடுத்த பணத்துக்குச் சீட்டு வாங்கி வை, உன் அம்மா மாதிரி.

இப்போது உன்னிடம் கேட்கவேண்டியது ஒன்று. கேஸ் நமக்கு நல்லபடி முடிந்தால் தோட்டத்துப் பக்கத்து அறையில் கெங்கம்மாள் தன் ஆயுள்வரை இருந்துகொள்ளலாம், எனக்குப் பிறகு யாரும் அவளை எழுப்பக் கூடாது என்று ஒரு பத்திரம் எழுதி ரிஜிஸ்தர் செய்ய நினைக்கிறேன். மனை உன் தாத்தா வழி வந்தது, உன் சம்மதம் இல்லாமல் நான் எழுதினால் அது நிற்காது. நாளைக்கு நீ கல்யாணம் செய்துகொண்டு வரும்போது உனக்கு அந்த அறை வேண்டியிருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்த கெங்கம்மாள், அந்த இடத்தில் தான் சொல்வதை அப்படியே எழுதும்படி சொல்கிறாள். "பாண்டுரங்கத்துக்கும் இதுல பாத்தியம் இருக்குதுன்னு சொல்றீங்க. அந்தப் புள்ள சரின்னு சொன்னாத்தான் நான் பத்திரத்துக்கு ஒத்துக்குவேன். வேணாம்னு எழுதினா மறைக்கக் கூடாது, எனக்குப் படிச்சுக் காட்டணும். அது மேல எனக்கு வருத்தம் வராது. என்னக் கேட்டா மாதிரி அதையும் கேளுங்க." உன் பதில் வந்ததும் அவள் எதிரிலேயே பிரித்து, நீ எழுதியதை ஒரு எழுத்து விடாமல் படிப்பதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எனக்காகவோ அம்மாவுக்காகவோ எழுதாதே, உன் மனதில் இருப்பதை எழுது.

குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதே, ஊரில் சத்தம் ஏதாவது கேட்டால் மில்லை விட்டு வெளியே போகாதே. சம்மதம் என்றால் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தோடு தனிக் காகிதத்தில் எழுதி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு. நீ தீர்க்காயுசாக, யாருக்கும் பயப்படாமல் வாழ நானும் அம்மாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். கெங்கம்மாளும் தன் ஆசீர்வாதத்தை எழுதச் சொன்னாள், அது உன் பதில் எதுவானாலும் உனக்கு உண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ப. பச்சைமுத்து